திராட்சைக் கொடியை வேரோடு அகற்ற இரண்டு கருவிகள்: ஃபெல்கோ 2 கத்தரிக்கோலும் சில்க்கி மடக்கு வாளும்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வீட்டோடு சேர்ந்து பின்வளவில் ஒரு திராட்சைப் பந்தலும் வந்து சேர்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலி, கிரேக்கம், போர்த்துக்கல் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், வைனுக்காகவும் சமையலுக்கான இலைக்காகவும் ஆசையோடு நட்டு, ஆண்டு தவறாமல் கத்தரித்துப் பேணிய கொடிகள் அவை. பேணிய கை ஓய்ந்து, வீடு இரண்டொரு கை மாறியதும், அதே கொடி பந்தலை விட்டு இறங்கி அயலவரின் பலகை வேலியில் ஏறி, அங்கிருந்து கராஜின் கூரைக்கும் மேப்பிள் மரத்துக்கும் தாவிவிடுகிறது. கவனிப்பாரற்ற திராட்சைக் கொடி ஒரே கோடையில் பல மீற்றர் நீளத்துக்கு ஓடக்கூடியது. நிலத்தைத் தொட்ட இடமெல்லாம் பதியன் போல வேர் விட்டு, ஒரு கொடி நாலு கொடியாகும். செப்ரெம்பரில் உதிர்ந்த பழத்தைத் தேடிக் குளவிகள் மொய்க்கும். இரவில் ரக்கூன்கள் பந்தலை உலுக்கும். வளவில் வெயில் விழும் ஒரேயோர் இடத்தையும் இலைக்கூரை மூடிவிட, கத்தரியும் மிளகாயும் நடுவதற்கு இடமில்லாமற் போகும்.

எங்கள் பின்வளவில் இருந்ததும் இத்தகைய கொடிதான். பழத்தை விரலால் அழுத்தினால் தோல் தனியே கழன்று வருவதையும், கருநீல நிறத்தையும், தூக்கலான வாசனையையும் பார்த்தால் அது கொன்கோர்ட் இனம் என்பது தெரிந்துவிடும். 1849இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் உள்ள கொன்கோர்ட் ஊரில் தெரிந்தெடுக்கப்பட்ட இந்த இனம், வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சை வழி வந்தது என்பதால் எங்கள் மாரிகாலக் குளிரை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று சொல்லும் திராட்சையின் பந்தல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஊரில் தண்ணீர் ஊற்றி, எரு வைத்து, மருந்தடித்துக் காப்பாற்ற வேண்டிய ஒரு பயிர் இங்கே வெட்ட வெட்டத் துளிர்ப்பதைப் பார்க்கையில் மனம் சற்றுத் தடுமாறத்தான் செய்யும். ஆயினும் வேலிப் பலகைகள் கழன்று அயலவரின் பக்கம் சாயத் தொடங்கிய பின்னர் அகற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த வேலைக்கு நான் வாங்கிப் பயன்படுத்திய இரண்டு கைக்கருவிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மருந்து அடித்து ஒரேயடியாக முடித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஒன்ராறியோவில் அதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2009 ஏப்ரல் 22 முதல், புற்றரைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி பயன்படுத்துவது இந்த மாகாணத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கிளைபோசேற் என்னும் பரவலான களைகொல்லியும் அந்தத் தடைக்குள் அடங்கும். தொட்டால் உடலுக்குத் தீங்கு செய்யும் நச்சுச் செடிகளுக்கு விலக்கு உண்டு, திராட்சைக்கு அந்த விலக்குப் பொருந்தாது. கடைகளில் விற்க அனுமதிக்கப்பட்டுள்ள செறிவான வினாகிரி வகைகள் பச்சை இலையைக் கருக்குமே தவிர, மரமாகிப்போன தண்டையும் வேரையும் எதுவும் செய்வதில்லை. அடியில் உப்பைக் கொட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொடி சாகிறதோ இல்லையோ, பிறகு அந்த மண்ணில் ஒரு மிளகாய்க் கன்றும் பிழைக்காது. அந்த யோசனையைத் தயவுசெய்து கேட்க வேண்டாம். ஆகவே வெட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு நல்ல கருவிதான் வேண்டும்.

முதலாவது, ஃபெல்கோ 2 என்னும் கொப்பு வெட்டும் கத்தரிக்கோல். சுவிற்சர்லாந்தில் 1945இல் தொடங்கப்பட்ட ஃபெல்கோ நிறுவனம் 1948 முதல் இந்த மாதிரியைச் செய்து வருகிறது. சிவப்பு உறை போட்ட அலுமினியக் கைப்பிடிகள், உருக்கு அலகு, நடுவே ஒரு சுருள்வில் என்று பார்வைக்கு மிகவும் எளிமையானது. நீளம் 215 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ 240 கிராம். பெரிய கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கத்தரிக்கோல்களை விடப் பல மடங்கு விலை கூடியது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த விலை எதற்கு என்பது, கையில் எடுத்த முதல் நாளின் மாலையில், மணிக்கட்டு வலிக்காமல் இருந்தபோது எனக்கு விளங்கியது.

காடாகிப்போன திராட்சையை அகற்றுவது என்பது, பெரிய மரத்தைத் தறிப்பது போன்ற வேலையே இல்லை. நூற்றுக்கணக்கான சிறு வெட்டுகளைத் திரும்பத் திரும்ப வெட்டும் வேலை அது. கொடி தன் சுருள்களால் எதையெல்லாம் பற்றியிருக்கிறதோ அதையெல்லாம் விடுவித்தாக வேண்டும். பழைய சுருள்கள் காய்ந்து மரமாகிக் கம்பி போல இறுகிவிடுவதால் கையால் பிய்த்தெடுக்க முடியாது. பொறுமையிழந்து கொடியைப் பிடித்து இழுத்தால் வேலிப் பலகையும் கூடவே வந்துவிடும். நுனியிலிருந்து தொடங்கி, ஒரு முழ நீளத் துண்டுகளாகப் பின்னோக்கி வெட்டிக்கொண்டு வருவதுதான் வேலியைக் காப்பாற்றும் வழி. இப்படி மணிக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் கைக்கு மிஞ்சும் சிறு அதிர்வுதான் கடைசியில் நோவாக மாறுகிறது. ஃபெல்கோவின் கைப்பிடிகளுக்கு இடையே வைத்திருக்கும் சிறிய றப்பர் மெத்தை அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய பள்ளம் சாற்றை வழியவிடுவதால், ஈரக் கொடியை வெட்டும்போதும் அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை.

இன்னொரு வசதியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அலகின் அடிப்பகுதியில், கைப்பிடியை ஒட்டி, மெல்லிய கம்பி வெட்டுவதற்கென்று ஒரு சிறிய வெட்டுவாய் வைத்திருக்கிறார்கள். பழைய பந்தல்களில் கொடியைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லத் தண்டு பருத்துக் கம்பியைத் தன்னுள்ளே விழுங்கிவிடும். பட்டையை உரித்துப் பார்த்து, கம்பி தெரிந்த இடத்தில் அந்த வெட்டுவாயால் துண்டித்துவிட்டால், அலகின் கூரான பகுதி கம்பியில் பட்டுச் சிதைவதைத் தவிர்க்கலாம். இது கட்டுக்கம்பிக்கு மட்டுமே. பந்தலைத் தாங்கும் தடித்த இழுவைக் கம்பிக்குத் தனிக் குறடு வேண்டும்.

நிறுவனம் சொல்லும் வெட்டுத்திறன் 25 மில்லிமீற்றர். உயிருள்ள பச்சைக் கொடியில் பெருவிரல் தடிப்பு வரைக்கும் அது சிரமமில்லாமல் வெட்டுகிறது. அதற்கு மேல் இரண்டு கையாலும் அழுத்தினால் வெட்டும்தான், ஆனால் அலகு பக்கவாட்டில் விலகத் தொடங்கும், அந்த இடத்தில் வாளை எடுப்பதே முறை. காய்ந்து செத்த கொடிக்கு இது அவ்வளவு பொருத்தமில்லை. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று கடந்து செல்லும் வகைக் கத்தரிக்கோல்கள் எல்லாமே பச்சை மரத்துக்கென்று செய்யப்பட்டவை. உலர்ந்த கட்டையில் அவை இறுகிக்கொள்ளும். கைப்பிடியின் அளவும் எல்லோருக்கும் ஒத்துவராது. அம்மா பிடித்துப் பார்த்தபோது விரல்கள் எட்டவில்லை. சிறிய கைகளுக்கு ஃபெல்கோ 6, இடதுகைக்காரருக்கு ஃபெல்கோ 9 என்று தனித்தனி மாதிரிகள் இருக்கின்றன. கடைக்குச் சென்று பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

என் பார்வையில் இந்தக் கத்தரிக்கோலின் மிகப் பெரிய சிறப்பு, அதன் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாற்றலாம் என்பது. அலகு, சுருள்வில், பூட்டு, ஆணி எதுவாக இருந்தாலும், தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொள்ளலாம். மலிவான கருவியை வாங்கி, ஒரு பருவம் பாவித்து, குப்பையில் போட்டு, மறு பருவம் இன்னொன்று வாங்கும் பழக்கம் இங்கே நம் எல்லோரிடமும் வந்துவிட்டது. ஊரில் தச்சரின் உளி தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அப்படி வைத்திருக்கத் தக்க ஒரு கருவியை இந்தக் காலத்திலும் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. வேலை முடிந்ததும் அலகை மதுசாரத்தால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் போதும்.

இரண்டாவது கருவி, யப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள ஓனோ நகரில் செய்யப்படும் சில்க்கி வகை மடக்கு வாள். சில்க்கி நிறுவனத்திடம் பல மாதிரிகள் உண்டு. நான் வாங்கியது 240 மில்லிமீற்றர் அலகு கொண்ட கொம்போய். இது இழுக்கும்போது மட்டுமே வெட்டும் வாள். நம் ஊர் வாளைத் தள்ளி வெட்டிப் பழகிய கைகளுக்கு முதலில் வித்தியாசமாக இருக்கும். தள்ளும்போது பலம் கொடுத்தால் மெல்லிய அலகு வளைந்து முறியக்கூடும் என்பதால், இரவல் வாங்க வருபவர்களிடம் இதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இழுவையில் வெட்டுவதன் நன்மை, அலகை மிக மெல்லியதாகச் செய்யலாம் என்பதே; மெல்லிய அலகு குறைந்த மரத்தை அரிக்கிறது, கை குறைவாகக் களைக்கிறது. தலைக்கு மேலே பந்தலில் நிற்கும் தண்டை வெட்டும்போது, உடலின் எடையே வாளைக் கீழே இழுத்து வெட்டிவிடுகிறது. அலகை இரண்டு வெவ்வேறு கோணங்களில் பூட்டி வைக்கலாம் என்பதால், வேலிக்கும் தண்டுக்கும் இடையில் விரல் நுழையாத இடுக்கிலும் வாள் நுழைகிறது. மின்வாளைக் கொண்டுபோக முடியாத, கொண்டுபோகவும் கூடாத இடங்கள் அவை.

கையின் பருமன் உள்ள பழைய அடித்தண்டை வெட்டுவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்ய வேண்டும். திராட்சையின் பட்டை நீளநீளமான நாராக உரிந்து தொங்கும் தன்மையுள்ளது. அந்த நாருக்கு இடையே ஆண்டுக்கணக்கான மண்ணும் தூசியும் சேர்ந்திருக்கும். அப்படியே வாளை வைத்தால் நார் பற்களில் சிக்கிக்கொள்ளும், மண் பற்களின் கூரைத் தின்றுவிடும். வெட்டும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைக் கையால் உரித்தெடுத்துவிட்டால் உள்ளே வெளிறிய, வழுவழுப்பான மரம் தெரியும்; அதில் வாள் வழுக்கிக்கொண்டு இறங்கும். கார்டினல் குருவிகள் கூடு கட்ட இந்த நாரைத்தான் விரும்பி எடுத்துச் செல்கின்றன; உரித்ததை வேலியோரம் சிறிது போட்டு வைத்தேன்.

சில்க்கி வாளின் குறை ஒன்றுண்டு, அதை மறைக்கக் கூடாது. பற்களின் நுனி தனிப்பட்ட முறையில் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டிருப்பதால் நெடுநாள் கூர் மங்காது. மங்கினால் சாதாரண அரத்தால் தீட்டவும் முடியாது. புதிய அலகை வாங்கித்தான் மாற்ற வேண்டும், அதன் விலையும் குறைவில்லை. கம்பியில் ஒருமுறை பட்டாலே சில பற்கள் போய்விடும். ஆகவே மண்மட்டத்துக்குக் கீழே இந்த வாளைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே பழைய வாள் ஒன்றோ, எளிதில் மாற்றக்கூடிய மலிவான அலகு பூட்டிய மின்வாளோ போதும்.

அந்த மண்மட்டத்துக்குக் கீழேதான் உண்மையான வேலை இருக்கிறது. மேலே எவ்வளவு வெட்டினாலும் அடிக்கட்டை இருக்கும்வரை கொடி திரும்பி வரும். மார்ச், ஏப்ரலில் வெட்டிய வாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்து, கொடி இரத்தம் வடித்தே செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது வேர் மேலே தள்ளும் நீர் மட்டுமே. அதனால் கொடிக்குச் சேதம் எதுவும் இல்லை, மே மாதம் கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்கள் கிளம்பும். ஆறுதலான செய்தி என்னவென்றால், திராட்சையின் வேர்த்துண்டு தானாகத் துளிர்ப்பது அரிது. துளிர் வருவது தண்டிலிருந்து, குறிப்பாக மண்ணுக்குள் புதைந்திருக்கும் தண்டின் அடியிலிருந்து. எனவே வளவு முழுவதும் ஓடிய வேரையெல்லாம் தேடித் தோண்ட வேண்டியதில்லை. அடிக்கட்டையைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, பக்க வேர்களை வெட்டி, அலவாங்கால் நெம்பிக் கட்டையை எடுத்துவிட்டால் போதுமானது. பதியனாக வேர்விட்ட இடங்களையும் இதே போலப் பார்த்து எடுக்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன்னர் ஒன்ராறியோ வண் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டியது சட்டப்படியான கடமை. எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். கொடி வீட்டுக்கு வரும் மேல்நிலை மின்கம்பியில் ஏறியிருந்தால் கத்தரிக்கோலோ வாளோ எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறாதீர்கள். முதலில் மின்சார நிறுவனத்தைக் கேளுங்கள், மூன்று மீற்றருக்குள் நெருங்கவே கூடாது.

கட்டையைத் தோண்ட முடியாத இடமும் உண்டு. எங்கள் வளவில் ஒரு தண்டு கராஜின் கொங்கிறீற் தளத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. அங்கே பொறுமைதான் மருந்து. மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, வரும் துளிர்களை இரண்டு மூன்று இலை விட்டதுமே கத்தரித்துவிட வேண்டும். மாரிக்காலம் முழுவதும் வேரில் சேமித்து வைத்த உணவைச் செலவழித்தே கொடி துளிர்விடுகிறது. இலை முற்றி உணவு திருப்பி அனுப்பும் முன்னரே வெட்டிவிட்டால் அந்தச் சேமிப்பு ஒவ்வொரு முறையும் குறையும். ஜூன் மாதம் பூக்கும் பருவத்தில்தான் அது மிகவும் குறைந்திருக்கும், அந்த மாதத்தில் மட்டும் கட்டாயம் தவறவிடக் கூடாது. இதற்கு ஃபெல்கோவை வாசலருகே ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போகும்போது கையோடு எடுத்துச் செல்வது பழக்கமாகிவிட்டது.

வேலையைத் தொடங்க மிகவும் ஏற்ற காலம் மார்ச் மாதம். இலை இல்லாததால் எந்தக் கொடி எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகத் தெரியும், குளவிகளும் இராது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டியிருக்கும்; அவற்றின் கூட்டைக் கலைப்பதைக் கனடாவின் வலசைப் பறவைகள் சட்டம் தடுக்கிறது. இலை இல்லாத காலத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும்: பொய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடியும் இதே வேலிகளில் ஏறும். திராட்சையின் பட்டை நாராக உரியும். நச்சுக்கொடியின் தண்டில் கபில நிற மயிர் போன்ற வேர்கள் அடர்ந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் கையை வைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம், அதன் புகை நுரையீரலுக்கு ஆபத்தானது.

வெட்டியதை ரொறன்ரோ நகரசபை வளவுக் கழிவாக எடுத்துச் செல்கிறது. தடித்த கடதாசிப் பைகளில் இட வேண்டும், பிளாஸ்ரிக் பைகளை ஏற்க மாட்டார்கள். நீண்ட கொப்புகளை 1.2 மீற்றருக்கு மேற்படாமல் வெட்டிக் கயிற்றால் கட்டி வைக்கலாம். ஒரு கட்டு 20 கிலோவைத் தாண்டக் கூடாது. வேர் விடக்கூடிய பச்சைத் துண்டுகளை வளவின் மூலையில் குவித்து வைக்காமல் உடனே அனுப்பிவிடுவது நல்லது.

பந்தலில் ஒரேயொரு கொடி, அதுவும் விரல் தடிப்பில் இருக்கிறது என்றால் இந்த விலையில் இரண்டு கருவிகளும் தேவையில்லை. அயலவரிடம் ஒரு நல்ல கத்தரிக்கோலை இரவல் வாங்கினாலே வேலை முடிந்துவிடும். கொடி வேலியையும் கராஜையும் பிடித்துவிட்ட வளவு என்றால், இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் ஃபெல்கோவையே முதலில் வாங்குங்கள் என்பேன். வாளின் வேலை ஒரு சில நாள்களோடு முடிந்துவிடும், அதை யாரிடமும் கேட்டு வாங்கலாம். கத்தரிக்கோல் மட்டும் கட்டை துளிர்விடுவதை நிறுத்தும் வரையிலும், அதன் பிறகு அதே பந்தலில் பாகலும் புடோலும் படரும்போதும் தினமும் கைக்கு வேண்டியிருக்கும்.